பட்டுக்கு ஆசைப்பட்டவளும் பாட்டுக் கட்டினவனும்

'சென்ட் ஆஃப் எ வுமன்' (1992) படத்துல கண் தெரியாத அல் பசினோ ஒரு பொண்ணோட டாங்கோ ஆடுவாரே, ஞாபகம் இருக்கா? அந்த மெட்டு 1935-ல் கார்லோஸ் கார்டெல் போட்டது. படத்தில் வெறும் இசைதான். பாட்டின் அர்த்தம் தேடிப் படித்தால், குதிரை ரேஸிலும் காதலிலும் மயிரிழையில் தோற்கிறவனின் புலம்பல்! இந்தப் புலம்பல் எங்கே ஆரம்பிச்சதுன்னு தோண்டினதுதான் இந்தப் பதிவு.

ஊர், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ். 1914 கணக்கெடுப்புப்படி அங்கே கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலும் இத்தாலி, ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தனியாக வந்த ஆண்கள் அதிகம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனம். டாங்கோ அப்போ முக்கியமா ஆடுறதுக்கான இசை. பாட்டு இருந்தாலும் கிண்டலும் வெட்டி ஜம்பமும்தான்.

1917-ல் கார்டெல் 'மி நோச்சே திரிஸ்தே' என்று ஒரு பாட்டை ரிக்கார்டில் பாடினார். 'என் சோக ராத்திரி' என்று அர்த்தம். சாமுவேல் காஸ்த்ரியோத்தாவின் மெட்டு, பாஸ்குவால் கொந்துர்சியின் வரிகள். காதலி விட்டுப்போன அறையில் ஒருத்தன். கிடார், விளக்கு எல்லாம் அவனோடு சேர்ந்து துக்கம் அனுஷ்டிக்குது. ஜம்பம் அடிச்ச ஆம்பளை அழ ஆரம்பிச்சுட்டான். டாங்கோவும் மாறிடுச்சு.

சரி, போனவள் எங்கே போனாள்? அடுத்தடுத்த பாட்டுகளில் பதில் இருக்கு: காபரேவுக்கு. 1920-ல் வந்த 'மிலோங்கிதா'வில் (வரிகள் சாமுவேல் லின்னிக்) ஏழைத் தெருப் பொண்ணு எஸ்தர்சிட்டா பட்டும் ஷாம்பெயினும் தேடிப்போய், கடைசியில் பழைய சீட்டித் துணிக்கு ஏங்குகிறாள். கார்டெல் 1923-ல் பதிவு செய்த 'மானோ அ மானோ'வில் (வரிகள் செலடோனியோ ஃப்ளோரஸ்) பழைய காதலன், "நீ கிழடாகி எல்லாரும் ஒதுக்கினா எங்கிட்ட வா, உதவுறேன்" என்கிற தொனியில் பேசுறான். அன்பா, சாபமான்னே புரியலை :-)

எனக்கு உறுத்துறது இதுதான். பட்டு பொய்ன்னு இந்தப் பாட்டுகள் சொல்றது நிஜம். ஆனா சீட்டித் துணி வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு இதுல ஒண்ணும் சொல்லலை. கூலிக்குத் தையல், சலவை, இஸ்திரி, ராத்திரி அதே நெரிசல் அறை. அதிலிருந்து தப்பிக்க நினைச்சதை பேராசைன்னு முடிச்சுட்டா எப்படி? போதாததுக்கு, கார்டெலே அர்மெனோன்வில் என்ற ஆடம்பர காபரேயில் பாடிப் பேர் வாங்கினவர்தான். அந்தப் பளபளப்பு அவரை ஏத்திவிட்டது. எஸ்தர்சிட்டாவுக்கு மட்டும் அது வீழ்ச்சி.

1920-களில் பெண்களும் டாங்கோ பாட வந்தார்கள். அதில் பெரிய பேர் அசுசேனா மைசானி. அவர் பல மேடைகளில் ஆண் உடை போட்டுக்கொண்டு பாடினார். பாட வந்தது பெண், பேசினது பெரும்பாலும் அந்த விட்டுவிடப்பட்ட ஆம்பளைதான்.

அடுத்த தடவை டாங்கோ கேட்டா, எஸ்தர்சிட்டா தன் கதையை தானே சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.