நாலு மரத்துக் கிட்டார்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரிப் பணிமனையின் வரலாறு. எத்தனை லேத், எத்தனை ஷேப்பர், வாங்கிய வருடம், கழித்த வருடம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, 2009-ல் அந்தப் பணிமனையின் தச்சுப் பகுதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த கிட்டார்தான். இன்றும் இசைக் கழக அறையில் ஆணியில் தொங்குகிறது. ஆகவே பணிமனைக்குப் பதிலாக, அந்தக் கிட்டாரில் உள்ள நாலு மரங்களின் வரலாற்றை எழுதுகிறேன். குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. சென்ற டிசம்பரில் இசைக் கழக மாணவர்கள் மூன்று பேர் என் வீடு தேடி வந்தார்கள். "அண்ணா, நாங்களும் ரெண்டு கிட்டார் செய்யலாம்னு இருக்கோம். மரம்தான் கட்டுப்படியாகல. ரோஸ்வுட் ஒருத்தர் பாதி விலைக்குத் தர்றேங்கறார். பில் மட்டும் கிடையாதாம். வாங்கலாமா?" என்று கேட்டார்கள். காபி ஆறும் வரை நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பதிலில் என் கதையும் கலந்திருந்தது.

என் ஊர் கெலவரப்பள்ளி. தென்பெண்ணை கர்நாடகத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்ததும் தேங்கி நிற்கிற அணை எங்களுடையது. இப்போதெல்லாம் செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் நுரைக்காகத்தான் வரும். பெங்களூர்க் கழிவுநீர் மதகில் விழுந்து வெள்ளைப் பஞ்சு மாதிரி பறக்கும். அப்பா ஓசூர்ப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால், அன்றைக்கு என்ன மரம் அறுத்தார் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன்.

நாங்கள் கிட்டார் செய்யப் போனது ஆசையால் அல்ல, எரிச்சலால். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். விடுதியில் காசு சேர்த்து ஒரு மலிவுக் கிட்டார் வாங்கினோம். ஒரே மழைக்காலத்தில் பிளைவுட் இதழ் இதழாகப் பிரிந்தது, கழுத்து வில்லாக வளைந்தது. எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு ஆள் எப்போதும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. நல்ல கிட்டார் வாங்க யாரிடமும் பணம் இல்லை. "மெக்கானிக்கல்காரன் நாலு பேர் இருக்கோம், நாமளே செஞ்சா என்ன?" என்று கேட்டவன் இப்போது கோவையில் பம்பு செய்கிறான்.

முதலில் மேல் பலகை. கிட்டாரின் குரலே அதில்தான் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனம் கூடாது. லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். அதற்கு உலகமெங்கும் பயன்படுவது ஸ்புரூஸ் என்கிற குளிர்நாட்டு ஊசியிலை மரம். அதை எங்கே தேடுவது? ஓசூரில்தான் கிடைத்தது! எழுபதுகளில் சிப்காட் வந்தது முதல் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜெர்மனியிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் எந்திரங்கள் பெரிய மரப் பெட்டிகளில் வந்து இறங்கின. எந்திரம் உள்ளே போகும். பெட்டி பழைய மரக் கடைக்குப் போகும். அங்கே விறகு மாதிரி எடை போட்டு விற்பார்கள். நாங்கள் கிலோ எட்டு ரூபாய்க்கு வாங்கினோம். கடைக்கார பாய் அதைப் 'பைன்' என்றார். பிற்பாடு பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு சில்லைக் கொடுத்துக் கேட்டபோதுதான் அது ஐரோப்பிய ஸ்புரூஸ் என்று தெரிந்தது.

இத்தாலியில் ஸ்டிராடிவாரி 300 வருடங்களுக்கு முன்னால் வயலின் முகப்புக்கு எடுத்ததும் இதே இனம்தான். அவர் எடுத்தது ஆல்ப்ஸ் உயரத்தில் மெதுவாக வளர்ந்து, நெருக்கமாக ரேகை ஓடிய மரம். பெட்டிக்கு வருவது வேகமாக வளர்ந்தது. நூறு பலகையைப் புரட்டினால் ரேகை நெருங்கி, முடிச்சு இல்லாமல் நாலு தேறும். நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புரட்டினோம். பெட்டி மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். 2002-ல் ஏற்பட்ட சர்வதேச விதிப்படி பூச்சி ஒழித்த மரம் என்பதற்கான அடையாளம் அது. எச்.டி. என்று இருந்தால் நடுமரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. இழைக்கும்போது அந்தத் தூளை மூச்சில் இழுக்கப் போவது நாம்தான். எச்.டி. மட்டும் எடுங்கள்.

பெட்டி மரத்தில் கிட்டாரா என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாப் டெய்லர் 1995-லேயே இதைச் செய்திருக்கிறார் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. கிடங்கில் கிடந்த, சரக்கு அடுக்குகிற ஓக் பேலட்டைப் பிரித்து முதுகும் பக்கங்களும் செய்தார். ஆணி ஓட்டைகளை மறைக்காமல் அலுமினியம் வைத்து அடைத்தார். ஃபிரெட் போர்டில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பதித்தார். அவருக்கும் முன்னோடி ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ டோரஸ். இன்றைய கிட்டாருக்கு உருவம் கொடுத்த தச்சர். 1862-ல் நல்ல ஸ்புரூஸ் மேல் பலகை போட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். குரல் மேல் பலகையில் இருக்கிறது, விலை உயர்ந்த முதுகில் இல்லை என்று காட்டுவதற்காக. அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் எங்களுக்கு அட்டை தேவைப்படவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரத்துக்கா பஞ்சம்? காய்ப்பு நின்ற கிழட்டு மரங்களை வெட்டி விற்பார்கள்; பெரும்பாலும் பேக்கிங் பலகைக்கும் விறகுக்கும் போகும். மாம்பலகையில் கறுப்பும் பழுப்புமாக வரி ஓடியிருந்தால் மில்காரர் கழித்துப் போடுவார். ஹவாய்த் தீவில் அந்த வரிக்காகவே தேடி வாங்கி உகுலேலே செய்கிறார்கள். அப்பா எங்களுக்காக அப்படிக் கழித்த இரண்டு பலகையை எடுத்து வைத்து, பட்டறை வாளில் தகடு தகடாக அறுத்துக் கொடுத்தார். பக்கங்களை நனைத்து, சூடான ஜி.ஐ. குழாயில் வளைத்தோம். ஆறு உடைந்தன, இரண்டு தேறின. கழுத்துக்கு ஒரு பழைய வீட்டுக் கதவு நிலையின் தேக்கு.

மிச்சம் ஃபிரெட் போர்டு. விரலும் கம்பியும் உரசித் தேயாத கெட்டி மரம் வேண்டும். படங்களில் பார்த்த கிட்டார்களில் எல்லாம் அது ரோஸ்வுட். நம்மூர் ஈட்டி, தோதகத்தி; எல்லை தாண்டினால் பீட்டெ. அது இல்லாவிட்டால் கிட்டாரே இல்லை என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு வந்த கதை சுவையானது. பல காலம் அமெரிக்கக் கிட்டார்க்காரர்கள் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். தாராளமாகக் கிடைத்ததால்தான் அது கிட்டார் மரமாயிற்று. அறுபதுகளின் இறுதியில் பிரேசில் உருட்டுக் கட்டைகளை வெளியே விடுவதை நிறுத்தியது. 1969-லிருந்து மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். இப்படித்தான் நீலகிரி, வயநாடு, குடகு மலை மரம் உலகத்து மேடைகளில் ஏறியது. பிரேசில் மரத்தின் வியாபாரம் 1992-ல் சர்வதேச ஒப்பந்தப்படி அடியோடு நிறுத்தப்பட்டது. நம் அரசும் ரோஸ்வுட்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்ய விடவில்லை. அறுத்துப் பலகையாகத்தான் போக வேண்டும். 2017 ஜனவரி 2 முதல் உலகத்து ரோஸ்வுட் இனங்கள் எல்லாமே அனுமதிச் சீட்டு வேண்டிய பட்டியலுக்குள் வந்தன. ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவர்கள்கூடப் பயந்தார்கள். 2019-ல் ஜெனிவா மாநாட்டில், செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. மரத்துக்கு அல்ல.

நம் மாநிலத்தில் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்: 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ரோஸ்வுட் மரப் பாதுகாப்புச் சட்டம். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது அது. 1995-ல் 15 வருடத்துக்கென்று நடைமுறைக்கு வந்தது. 2010-ல் இன்னும் 15 வருடத்துக்கு நீட்டித்தார்கள்.

நிலம் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு என்பது எங்கள் பக்கத்துக்குப் பழைய கதை. 1792-ல் திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதே வருடம் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற அரச மரம் அல்ல, அரசனுக்கு உரிய மரம்! அதற்கப்புறம் இருநூறு வருடம் குடியானவன் சந்தனக் கன்றைக் கண்டால் வம்பு என்று பிடுங்கிப் போட்டான். 2001-ல் கர்நாடகமும் 2002-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், தன் நிலத்துச் சந்தனம் தனக்கே சொந்தம் என்று ஆயிற்று. சட்டம் காப்பாற்றுகிறதா, கன்றிலேயே கொல்கிறதா என்று எனக்கு இன்றும் குழப்பம் உண்டு. ஆனால் திருட்டு மரம் வாங்குகிறவனுக்கு இந்தக் குழப்பம் சமாதானம் ஆகாது.

நான் வாங்கினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், இரண்டடி நீளம், மூன்று அங்குல அகலம், 300 ரூபாய். செய்தித்தாளில் சுற்றி, டிராயிங் ஷீட் குழாயோடு பையில் சொருகி, அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி டவுன் பஸ்ஸில் வந்தேன். அந்த அரை மணி நேரம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அப்பா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வாசனையிலேயே கண்டுபிடித்தார். "பில் எங்கடா?" என்றார். நான் பேசவில்லை. "மரம் அறுக்கறவன் மொதல்ல மரத்தைப் பார்க்க மாட்டான், சீட்டைத்தான் பார்ப்பான். இதை என் வாள்ல போட மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். மாம்பலகையைத் தலைமுடி கனத்துக்குச் சரி பார்த்து அறுத்துக் கொடுத்த மனிதர். ரோஸ்வுட்டை நானே கைவாளில் அறுத்தேன். அதனால்தான் அந்த ஃபிரெட் போர்டு இன்றைக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்திருக்கும். கல்லூரி நாளில் அந்தக் கிட்டாரை வாசித்தோம். நல்ல கைதட்டல். அப்பா முன் வரிசையில் இருந்தார். முடிந்ததும் எல்லோரும் வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். அவர் தொடவில்லை. 2016-ல் காலமானார், கடைசி வரை தொடவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், கெட்டி மரத்துக்கு நான் எல்லை தாண்டியே இருக்க வேண்டியதில்லை. நம் வாத்தியக்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆவது சாஸ்திரத்தால் மட்டுமல்ல. பலா லேசானது, செல் அரிக்காதது, பண்ருட்டியிலிருந்து வண்டி கட்டினால் வந்துவிடும். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர்கள் ஆச்சா மரத்தைத் தேடுவது காட்டில் அல்ல, இடிக்கிற பழைய வீடுகளில். உத்திரமாகவும் தூணாகவும் ஐம்பது, நூறு வருடம் நின்று காய்ந்த ஆச்சா இனிமேல் சுருங்காது, வெடிக்காது. அந்த ஆச்சா எங்கள் மாவட்டத்து வறண்ட காடுகளின் மரம்தான்! கன அடி ரோஸ்வுட் 24 கிலோ என்றால் ஆச்சா 30 கிலோவைத் தொடும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். கம்பி உரசலுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஊருக்கு ஊர் பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் போடுகிற காலம் இது.

வந்த மூன்று பேருக்கும் இவ்வளவையும் சொன்னேன், அப்பா விஷயம் உட்பட. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப ஆச்சா எங்கண்ணா கிடைக்கும்?" என்றான் ஒருவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பக்கம் ஒரு வீடு இடிக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். நாலடி உத்திரத் துண்டு, 600 ரூபாய், கையெழுத்துப் போட்ட ரசீதோடு. அறுக்கும்போது இரண்டு வாள் பல் போயிற்று. உள்ளே ஒரு பழைய கை ஆணி. வாங்குவதற்கு முன் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நானே மறந்துவிட்டேன்.

பழைய கிட்டாரின் ஃபிரெட் போர்டையும் கழற்றி ஆச்சா போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது அங்கேயே இருக்கட்டும்.

மாம்பலகை தை மாதம் அறுத்தது, முக்கால் அங்குலம். பணிமனை பரணில் இடைக்கட்டை கொடுத்து அடுக்கியிருக்கிறோம். நிழலில் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது மில்காரர் கணக்கு. போன வாரம் ஈரமானி 17 சதவீதம் காட்டியது. 12-க்கு இறங்கும் வரை யாரும் தொடக் கூடாது என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று பழைய கிட்டாரில்தான் வாசிக்கிறார்கள். மூன்றாவது ஃபிரெட்டில் கொஞ்சம் சலசலக்கும். விரலை இன்னும் முன்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.