கச்சானும் வாடையும்

கச்சான் எண்டா எங்களுக்கு முதலில் வறுத்த கடலைதான் ஞாபகம் வரும். திரியாய்க் கடற்தொழிலாளருக்கோ அது மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் காற்று. வரும் திசையை வைத்தே காற்றுக்குப் பெயர்.

அதே காற்று நீர்கொழும்பில் கடலைக் கொந்தளிக்க வைக்கும். எங்கட கரைக்குத் தரையைக் கடந்து வருவதால் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரை மீனவர்கள் இங்கு வந்து வாடி போடுவது அதனாலதான்.

வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்க இடமில்லை, திருகோணமலையில் இருந்தது. 1782 ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பிடித்தார். அந்த ஒக்டோபரில் ஆங்கிலேயக் கப்பற்படை மதராஸை விட்டுப் பம்பாய் வரை போகவேண்டி வந்தது. இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் அடிபட்டதுக்கு ஒரு பெரிய காரணம் வாடைதான்.