துப்பறியும் கதையும் தாய்மொழிப் படிப்பும்

மறைந்து கிடப்பதை அறிய வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு உடன்பிறந்தது. காணாமற்போன காசுமாலையை எடுத்தவர் யார் என்று ஊரே கூடி ஆராய்வதும், விடுகதைக்கு விடை கிடைக்கும்வரை குழந்தை உறங்க மறுப்பதும் அவ்வேட்கையின் வெளிப்பாடுகளே. அதனையே முதலாகக் கொண்டு வளர்ந்தது துப்பறியும் கதை. அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். இளைஞரைக் கெடுக்கும் என்று அஞ்சுவோரும் உளர். ஆயினும், பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் நிலத்தில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இக்கதைகளின் வரலாறு ஒரு தனிப் பாடத்தைக் கற்பிக்கின்றது. அதனை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலில் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியா, ஒகாயோ முதலிய மாநிலங்களில் ஆமிஷ் எனப்படும் கிறித்தவச் சமூகத்தார் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். மோட்டார் வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்வதும், எளிய உடை உடுத்துவதும், உழவையும் தச்சையும் போற்றுவதும் அவர்தம் வழக்கம். இச்சமூகத்தைக் களமாகக் கொண்டு அண்மைக் காலத்தில் ஒருவகை மர்மக் கதைகள் ஆங்கிலத்தில் மிகுதியாக வெளிவந்துள்ளன. டாமர் மையர்ஸ் என்னும் எழுத்தாளர் 1994இல் தொடங்கிய வரிசை அவ்வட்டாரத்து விடுதி ஒன்றைச் சுற்றி அமைந்தது. இவற்றை 'கோசி மிஸ்டரி' என்பர். தமிழில் 'இதமான மர்மக் கதை' எனலாம். இவற்றில் குற்றம் உண்டு. குருதிப் பெருக்கின் வருணனை இல்லை. துப்பறிபவர் காவல்துறை அதிகாரி அல்லர். கடை நடத்தும் பெண்ணாகவோ, விடுதிக்காரியாகவோ இருப்பார். ஊர் சிறியது, யாவரும் ஒருவரை ஒருவர் அறிவர். இவ்வகைக்கு வழிகாட்டியவருள் அகதா கிறிஸ்டி தலையாயவர். 1930இல் வெளிவந்த அவரது நாவலில், சிற்றூரில் பின்னல் வேலை செய்துகொண்டே உண்மையைக் கண்டறியும் மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டி தோன்றினார்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆமிஷ் மக்கள் இல்லத்தில் பேசுவது பென்சில்வேனியா டச்சு எனப்படும் ஜெர்மானியக் கிளைமொழி. அவர்கள் பள்ளியில் பயில்வது ஆங்கிலம்; வழிபாட்டில் பயன்படுத்துவது பழைய ஜெர்மானிய வேத நூல். அவர்களைப் பற்றிய மர்மக் கதைகளோ பெரும்பாலும் வெளியார் ஆங்கிலத்தில் எழுதுபவை. ஆயினும் அவர்தம் பேச்சுமொழி அழியவில்லை. காரணம் யாது? அவர்கள் தமக்குள்ளேயே மணம் புரிந்து, தம் பள்ளிகளையே நடத்தி, ஒதுங்கி வாழ்கின்றனர். பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு மேல் அனுப்ப மறுக்கும் உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவர்களுக்கு வழங்கியது. வேலி கட்டி வாழ்வோர்க்குப் பேச்சு ஒன்றே போதும். நாம் அங்ஙனம் வாழ்பவர் அல்லேம். வாழ விரும்புவதும் இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு மக்களோடு ஒரே தெருவில், ஒரே சந்தையில், ஒரே சந்நிதியில் கலந்து வாழ்கின்றோம். வேலியற்ற வாழ்வில் தாய்மொழியைக் காப்பது பேச்சு மட்டுமன்று, படிப்பும் ஆகும்.

தமிழில் துப்பறியும் கதை

தமிழர்க்குக் குற்ற ஆராய்ச்சி புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மையமே ஒரு திருட்டு வழக்கு. சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன் கோவலன். மன்னன் ஆராயாது தீர்ப்பளித்தான். கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. ஒரு சான்றுப் பொருளைக் கொண்டு உண்மையை நிலைநாட்டும் அக்காட்சிக்கு இன்றைய நீதிமன்றமும் தலைவணங்கும். மரியாதைராமன் கதைகளோ தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுச் செல்வம். களவு போன பொருளையும் பொய்ச் சாட்சியையும் அறிவால் வெளிப்படுத்தும் அக்கதைகளில் குருதி இல்லை. குறும்பும் நீதியும் உண்டு. இதமான மர்மக் கதை என்று இன்று அயலார் கூறுவது நம் பாட்டிமார் கதைப்பெட்டியில் முன்னரே இருந்தது எனலாம்.

அச்சு வடிவில் தமிழுக்குத் துப்பறியும் கதையைக் கொணர்ந்த முன்னோடி பண்டித நடேச சாஸ்திரியார். தொல்பொருள் ஆய்வுத் துறையில் கல்வெட்டுகளைப் படித்தறியும் பணியில் இருந்தவர் அவர். தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களை அவர் 1894இல் நூலாக வெளியிட்டார். ஷெர்லாக் ஹோம்ஸ் ஆங்கிலத்தில் முதன்முதல் தோன்றியது 1887இல். ஏழே ஆண்டுகளில் தமிழிலும் ஒரு துப்பறியும் நிபுணன் பிறந்துவிட்டான்! சிதைந்த கல்லெழுத்தைக் கூட்டிப் படித்தவரே சிதறிய தடயங்களைக் கூட்டிக் கதை சொன்னார் என்பது பொருத்தமே.

அடுத்து வருபவர் ஆரணி குப்புசாமி முதலியார். அவர் நமக்கு அயலாரல்லர். அவர் பிறந்த ஆரணி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்திற்கு அந்நாளில் தலைநகராக விளங்கியது நம் சித்தூரே. 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஆரணியாரும் சித்தூராரும் ஒரே ஆட்சியர் எல்லைக்குள் வாழ்ந்தனர். ரெயினால்ட்ஸ், கானன் டாயில் முதலியோர் கதைகளைத் தழுவி முதலியார் எழுதிக் குவித்தார். இலண்டன் தெரு சென்னைத் தெருவாகியது. ஆங்கிலப் பிரபு ஜமீன்தாராக வந்தார். 1925இல் அவர் மறைந்தபோது தமிழில் நாவல் படிக்கும் பழக்கமுடைய ஒரு பெருங்கூட்டம் உருவாகியிருந்தது.

ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. அதில் தோன்றிய துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமானான். அந்நாவல் 1935லும் 1951லும் திரைப்படமாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வும் 1935இல் படமாக வந்தது. அவரது திகம்பர சாமியாரோ துறவிக் கோலத்தில் துப்பறியும் விந்தை மனிதர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்களில் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

பழியும் பயனும்

இந்நாவல்களுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'மணிக்கொடி' எழுத்தாளர்கள் இலக்கியத்தின் தரத்தை உயர்த்தப் போராடிய காலம் அது. பிறமொழிக் கதையைத் தழுவித் தமிழ்ப்பெயர் சூட்டுவதைப் புதுமைப்பித்தன் வன்மையாகச் சாடினார். அவர்தம் சினத்தில் நியாயம் உண்டு. மூலத்தைச் சொல்லாமல் எழுதுவது நேர்மையன்று; நம் மண்ணில் வேரூன்றாத மாந்தரைப் படைப்பது கலையும் அன்று. பழைய துப்பறியும் நாவல்கள் பலவற்றில் கதையை நிறுத்திவிட்டுப் பக்கம் பக்கமாக அறிவுரை வழங்கும் குறையும் உண்டு.

எனினும் தராசின் மறுதட்டையும் நோக்குதல் வேண்டும். பள்ளிப்படிப்பு மிகாத பெண்டிரும், கடைச் சிப்பந்திகளும், ஊர்ப்பெயர்ந்து சென்ற தொழிலாளரும் இலக்கணம் கற்றுத் தமிழ் நூலுக்கு வந்தவர் அல்லர். அடுத்த அத்தியாயத்தில் என்ன நேரும் என்னும் ஆவலே அவர்களை எழுத்தோடு கட்டிப்போட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர் நூறு பக்கம் முடிப்பதற்குள் சரளமாகப் படிக்கும் திறம் பெற்றார். உயர்ந்த இலக்கியம் கோபுரம் எனில், ஆவலைத் தூண்டும் கதை அதன் வாயிற்படி. படியிலேயே நின்றுவிடுவது தவறு. படியே வேண்டாம் என்பது அதனினும் தவறு.

தழுவல் என்னும் பழியை நகைச்சுவையால் துடைத்தவர் தேவன். 1942இல் 'ஆனந்த விகடன்' இதழில் அவர் படைத்த துப்பறியும் சாம்பு அசட்டுத்தனமே உருவானவர். வங்கி எழுத்தராக இருந்தவர் துப்பறியும் புலியாகிறார். அவர் எதையோ நினைத்து எதையோ செய்ய, அச்செயலே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கின்றது. இன்ஸ்பெக்டர் கோபாலன் வியக்கிறார், மனைவி வேம்பு பெருமை கொள்கிறாள், ஊர் போற்றுகின்றது. மேனாட்டுத் துப்பறிவாளரின் நிகரற்ற மூளையைத் தேவன் தலைகீழாக்கிக் காட்டினார். சாம்புவின் உலகில் கல்யாண வீடு உண்டு, காபி உண்டு, உறவினர் பூசல் உண்டு. பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்ந்து படிக்க இயலும். தமிழ் தந்த இதமான மர்மக் கதைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்தவர் தமிழ்வாணன். அவரது சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே சிக்கலை அவிழ்ப்பார். அயல்நாடுகளுக்கெல்லாம் சென்று துப்பறிவார். இயன்றவரை கலப்பற்ற எளிய தமிழில் எழுதியதால், தமிழ்வாணனிடம் தமிழ் கற்றோம் என்று கூறுவோர் பலர். 1968இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' நாவலில் வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் மாத நாவல்களைப் பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் பரப்பினர். ராஜேஷ்குமார் எழுதியவை மட்டும் 1500க்கும் மேல்.

இதே காலத்தில் தெலுங்கிலும் இத்தகைய அலை எழுந்தது. கொம்மூரி சாம்பசிவராவ் படைத்த யுகந்தர் என்னும் துப்பறிவாளரும் அவர்தம் உதவியாளர் ராஜுவும் நம் தெலுங்கு நண்பர் இல்லங்களில் சங்கர்லாலுக்கு ஈடாக விளங்கினர். சென்னை அன்று இருமொழிப் பதிப்புலகுக்கும் நடுநாயகம். 1947 ஜூலையில் ஒரே நிறுவனத்திலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் உடன்பிறந்த இதழ்களாக வெளிவந்ததை மறத்தல் இயலாது.

எல்லையில் நம் கடமை

வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரம். அரசியல் எல்லையோ பன்முறை மாறியது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறலாம், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியே திருப்பதி செல்லும் இரயிலில் இரு மொழியும் இன்றும் ஒரே இருக்கையில் அமர்ந்து பயணம் செய்கின்றன. நம் அக்கறை நிலத்தைப் பற்றியதன்று. வீட்டுக்குள் வாழும் மொழியைப் பற்றியது.

நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். அது வேண்டுவதே. ஆனால் அம்மாவிடம் தமிழில் பேசும் பிள்ளை, அம்மாவின் அலமாரியிலுள்ள புத்தகத்தைப் படிக்க இயலாமல் நிற்கின்றது. 2008இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று தமிழ் மர்மக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுத்தபோது உலகம் வியந்து படித்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் சங்கர்லாலையும் சாம்புவையும் நம் பேரர்கள் ஆங்கிலத்தின் வழியாகவே அறியும் நாள் வருமாயின், நம் கதையை நாமே பிறர் வாயாற் கேட்கும் நிலையை எய்துவோம்.

பாயிரம் மனப்பாடம் செய்வதால் மட்டும் எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்தின்மேல் காதல் பிறக்காது. வடக்கெல்லைச் சிற்றூர்களில் தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் (1895–1953) போன்றோர் எழுத்தறிவித்தலையே தலையாய தொண்டாகக் கொண்டனர். அத்தொண்டு இன்று நம் இல்லங்களில் தொடர வேண்டும். இரவு உணவுக்குப் பின் சாம்பு கதை ஒன்றைத் தாயோ தாத்தாவோ உரக்கப் படிக்கட்டும். திருடன் யார் என்று தெரியும் பக்கத்திற்கு முன்னால் நிறுத்திவிட்டு, மிகுதியை நீயே படித்துச் சொல் என்று புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கட்டும். ஆவல் ஆசிரியராக மாறும். தடுமாறிப் படித்த ஒரு பக்கம் மறுநாள் இரண்டாகும்.

எழுதும் ஆற்றலுடைய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆமிஷ் ஊர்களைப் பற்றி வெளியார் எழுதியது போல நம் ஊர்களைப் பற்றியும் யாரோ ஒருவர் எழுதும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? மலையடிவாரத்துப் பூக்கடையும், சித்தூர் மாங்காய் மண்டியும், இரு மொழியிலும் வழக்குரைக்கும் பழைய வழக்கறிஞரும், எல்லார் வீட்டுச் செய்தியும் அறிந்த அத்தையும் ஒரு மர்மக் கதைக்குப் போதாதோ? அக்கதையைத் தமிழில் நாமே எழுதுவோம். நம் பிள்ளைகள் அதனைத் தமிழிலேயே படித்து, குற்றவாளி யாரென்று நமக்கு முன்னரே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.