பெண் சொன்ன மறுமொழி

1960 ஆம் ஆண்டில் றொபர்ட் ஹேமர் இயக்கிய ‘ஸ்கூல் ஃபோர் ஸ்கவுண்ட்ரல்ஸ்’ என்ற பிரித்தானிய நகைச்சுவைத் திரைப்படத்தை வாசகர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும். ஸ்டீபன் பொட்டரின் அங்கத நூல்களைத் தழுவிய கதை அது. தன் மனங்கவர்ந்த பெண்ணை இன்னொருவன் கண்முன்னே தட்டிக்கொண்டு போவதைக் கண்டு நொந்த அப்பாவி ஒருவன், யோவில் நகரத்து விசித்திரக் கல்லூரியொன்றில் சேருகிறான். பிறரை மட்டந்தட்டி முந்துவதும் பெண்ணை மயக்குவதுமே அங்கு பாடங்கள். கற்ற தந்திரங்களால் எதிராளியை வென்றுவிடுகிறான். பெண் வசப்படும் வேளையில் மட்டும் அவனால் நடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறான்; உண்மையே வெல்கிறது. 1976 இல் பாசு சட்டர்ஜி இக்கருவைப் பம்பாய் பஸ் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து ‘சோட்டி சி பாத்’ என்ற இந்திப் படமாக்கினார்.

சுவையான படங்கள்தாம். ஆயினும் இரண்டிலும் வித்தை கற்பவன் ஆண். பெண் பெரும்பாலும் அவன் வெல்லவேண்டிய பரிசு. இவற்றை எண்ணும்போதெல்லாம் கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களின் ‘கவி’ என் நினைவுக்கு வருகிறது.

கவி என்பது நான்கடி நாட்டார் பாடல். சேனைக் காவற் பரணிலும் வயல் வேலையிலும் பிறந்தது. மச்சானும் மச்சியும் இதன் மாந்தர். தாய்மாமன், மாமி பிள்ளைகள் மணமுடிக்கும் வழக்குள்ள சமூகத்தில், அவ்விளிகளே காதலுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. ஆண் கேட்டால் பெண் மறுமொழி சொல்கிறாள். ஏங்குகிறாள், ஏசுகிறாள், கைவிட்டவனைப் பழிக்கிறாள். இங்கே அவள் பரிசல்லள். வழக்காடும் ஒரு தரப்பு.

இக்குரலுக்குச் சமூக அடிப்படையும் உண்டு என்றே கருதுகிறேன். இக்கரையில் தமிழரைப் போலவே முஸ்லிம்களும் தாய்வழிக் ‘குடி’ முறையைப் பேணியவர்கள். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்குக் குடிவருவதும் வழமை. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே அக்கரைப்பற்றில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகப் பேசுகிறது. பெண்ணுக்கு வீடு தரவேண்டிய பெற்றோர் படும் பாடும் சிறிதன்று என்பதை இங்கு சொல்லியாக வேண்டும்.

ஆனால் சட்டம் வேறு பாட்டுப் பாடியது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவேட்டில் மணமகனின் கையொப்பத்தையும், மணமகள் சார்பில் ‘வலி’ எனப்படும் பொறுப்பாளரின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வீடு அவள் பெயரில். கவியில் மறுமொழி அவள் வாயில். பதிவேட்டில் மட்டும் அவளுக்கு ஓர் இடமிருக்கவில்லை! முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல்லாண்டு காலமாக இதனைத் திருத்தக் கோரி வந்துள்ளன. அது வெளியிலிருந்து வந்த புதுமை என்று சொல்வோர், தம் பாட்டிமாரின் கவிகளை ஒருமுறை கேட்பது நன்று.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியது பெருந்தொண்டு. அறுவடை இயந்திரம் வந்தபின் கூடிப் பாடும் களமே அருகிவிட்டது. ஏட்டில் எஞ்சியிருக்கும் கவிகளிலும் பாடியவளின் பெயர் இல்லை. அங்கும் அவள் கையொப்பமிடவில்லை. ஆனால் அவள் சொன்ன மறுமொழி மட்டும் அழியாமல் நிற்கிறது.