லினக்ஸ் மடிக்கணினிகளில் வைஃபைக் கோளாறுகள்

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி, கம்பியில்லா வலையமைப்பைக் காணாமலோ, கண்டும் இணையாமலோ, இணைந்தும் இணையத்தை எட்டாமலோ நிற்கும் நிலையே இங்கு வைஃபைக் கோளாறு எனப்படுகிறது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் காரணங்கள் வேறு. ஆகவே இணைப்பு எந்தப் படியில் அறுந்தது என்று காண்பதே முதல் வேலை. லினக்ஸ் ஒரு திறந்த மூல இயங்குதளம். இலங்கைப் பாடநூல்கள் இயங்குதளத்தைப் பணிசெயல் முறைமை என்கின்றன. ஒவ்வொரு படியிலும் நடந்ததை லினக்ஸ் தன் பதிவேட்டில் எழுதி வைப்பதால், கோளாறின் இடத்தை ஊகிக்காமல் படித்தே அறியலாம். இக்கட்டுரை பொதுவான வழிமுறையையும், திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவற்றையும் தருகிறது.

பின்னணி

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு, வைஃபை நீண்டகாலம் தலைவலியாக இருந்தது. பல சில்லு நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதின. சில்லின் உள்விவரங்களையும் வெளியிடவில்லை. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஏற்றி ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருள் அக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது. பிராட்காம் சில்லுகளுக்காக ஆர்வலர்கள் எதிர்ப்பொறியியல் முறையில் எழுதிய டிரைவர் 2006இல் கெர்னலில் சேர்ந்தது. பல டிரைவர்களுக்கும் பொதுவான மேக்80211 அடுக்கு 2007இல் 2.6.22ஆம் பதிப்போடு வந்தது. 2008இல் ஏதெரோஸும் 2010இல் பிராட்காமும் தாமே திறந்த மூல டிரைவர்களை வெளியிட்டன.

டிரைவர் திறந்த மூலமானாலும், சில்லுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியதே. இதனால் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் அதைத் தன் வழக்கமான நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி அந்த முடிவை மாற்றியது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. பழைய வட்டிலிருந்து நிறுவியவருக்கு வைஃபை எழாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திறந்த மூல மென்பொருள் இலங்கைக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை திருகோணமலை உட்படக் கிழக்குக் கரையைத் தாக்கியபின், இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளுக்கு இன்று லினக்ஸ் ஒரு மாற்று வழியாகியுள்ளது.

கண்டறியும் முறை

கீழே கட்டளைகள் ஒலிப்பு முறையில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

முதற்படி, அட்டை தெரிகிறதா என்பது. உள்ளே பொருத்திய அட்டைக்கு எல்எஸ்பிசிஐ, யூஎஸ்பி டொங்கிளுக்கு எல்எஸ்யூஎஸ்பி. பட்டியலில் சில்லின் பெயரே இல்லையென்றால் எந்த டிரைவரை ஏற்றியும் பயனில்லை. அட்டை கழன்றிருக்கலாம், பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம்.

இரண்டாம் படி, டிரைவரும் ஃபர்ம்வேரும். கெர்னலின் பதிவேட்டை டிமெஸ்க் கட்டளை காட்டும். ஃபர்ம்வேர் ஏற்றம் தோற்றது என்ற வரியின் முடிவில் -2 என்ற எண் இருந்தால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். ஆனால் அந்த ஒரு வரியோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இன்டெல் அட்டைகளின் டிரைவர் மிகப் புதிய ஃபர்ம்வேரை முதலில் தேடும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பதிப்பாகக் கீழிறங்கும். அதனால் நான்கைந்து -2 வரிகளுக்குப் பின் ஃபர்ம்வேர் ஏறியது என்ற வரி வந்திருந்தால், இந்தப் படியில் குற்றமில்லை. கடைசி வரை அந்த வரி வராவிட்டால்தான் ஃபர்ம்வேர் பொதியை நிறுவ வேண்டும். அதற்கு இணையம் வேண்டுமே என்றால், கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் தரவைப் பகிரலாம். இதற்கு வைஃபை டிரைவர் தேவையில்லை.

மூன்றாம் படி, பூட்டு. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை ஒவ்வொரு கம்பியில்லாக் கருவிக்கும் இரண்டு வரி காட்டும்: மென்பூட்டு, வன்பூட்டு. மென்பூட்டு விழுந்திருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் கட்டளை அதைத் திறக்கும். வன்பூட்டைக் கட்டளையால் திறக்க முடியாது. மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சையோ விசைப்பலகையின் விமானக் குறியையோ தேட வேண்டும்.

நான்காம் படி, வலையமைப்புப் பட்டியல். அண்டை வீட்டுப் பெயர்கள் தெரிந்து சொந்த ரவுட்டர் மட்டும் தெரியாவிட்டால், அது அட்டை ஏற்காத தடத்தில் (சேனல்) ஒலிபரப்பக்கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த பழைய அட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பைக் காணாது. நாட்டுக் குறியீடு அமையாத கணினி 12, 13ஆம் தடங்களைத் தவறவிடக்கூடும். இலங்கைக்கான குறியீடு எல்கே.

ஐந்தாம் படி, இணைதல். கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், ரவுட்டரில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை மட்டும் தெரிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பழைய அட்டைகளுக்கு டபிள்யூபிஏ2 கலந்த முறை தேவைப்படும்.

ஆறாம் படி, இணையம். பிங் கட்டளையால் முதலில் ரவுட்டரையும், அடுத்து 1.1.1.1 போன்ற ஓர் எண்முகவரியையும், கடைசியில் ஒரு தளப்பெயரையும் தொட்டுப் பார்ப்பது வழக்கம். முதல் இரண்டும் பதில் தந்து மூன்றாவது தராவிட்டால் பழுது டிஎன்எஸ் பெயர்த்தேடலில் உள்ளது. வைஃபையைக் குறை சொல்ல இடமில்லை.

அடிக்கடி காணப்படும் காரணங்கள்

ரியல்டெக் சில்லுள்ள மலிவான டொங்கிள்கள் பலவற்றுக்குக் கெர்னலுக்கு வெளியே உள்ள டிரைவரைத் தனியே தொகுக்க வேண்டியிருந்தது. கெர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் அவை நின்றுபோனால் டிரைவரை மீண்டும் தொகுக்க வேண்டும். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினியில், கையொப்பமிடாத இத்தகைய டிரைவர்களைக் கெர்னல் ஏற்காது. நிறுவியும் பயனில்லையே என்று தோன்றுவதன் காரணம் அதுவே.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள கணினியில், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி அட்டையை முழுமையாக விடுவிக்காமல் அரைத்தூக்கத்தில் விட்டுச் செல்வதுண்டு. அந்த வசதியை அணைத்து, விண்டோஸை முழுமையாக நிறுத்தியபின் லினக்ஸைத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு வேறொரு சிக்கல். இலங்கையின் உயர்கல்வி வலையமைப்பான லேர்ன் வழங்கும் எடுரோம் சேவை, ஒரே கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒவ்வொருவரின் கணக்கையும் சரிபார்க்கும் முறையில் இயங்குகிறது. பயனர் பெயரோடு நிறுவனக் களப்பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய குறியாக்கத்தில் நிற்கும் சரிபார்ப்பு வழங்கிகளை, ஓபன்எஸ்எஸ்எல் 3ஐ ஏற்ற உபுண்டு 22.04 போன்ற லினக்ஸ் பதிப்புகள் மறுத்ததும் உண்டு.

திருகோணமலைச் சூழல்

வானொலி அலைக்கும் திருகோணமலை மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் இங்கு நிறுவிய மறுஒலிபரப்பு நிலையம் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தகைய நிலையம் நூற்றுக்கணக்கான கிலோவாட் ஆற்றலில் கடல்தாண்டி ஒலிபரப்பும். வீட்டு ரவுட்டரின் ஆற்றலோ பொதுவாக ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கு. கனத்த கற்சுவர் உள்ள பழைய கட்டடங்களிலும் தகரம் அடைத்த அறைகளிலும் அது ஒரு சுவரோடு களைத்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் டிரைவரை மாற்றுவதைவிட ரவுட்டரை இடம் மாற்றுவது பயன் தரும். 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகத் தாண்டும்.

துறைமுக நகரில் கப்பல் ராடார் வைஃபையைக் குலைக்கிறதா என்ற ஐயம் இயல்பானது. வணிகக் கப்பல்களின் வழிகாட்டு ராடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் அளவுகளில் இயங்குபவை. வைஃபையின் இடம் அதுவன்று. ஆனால் சில வானிலை ராடார்களும் போர்க்கப்பல் ராடார்களும் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. அவற்றுக்கு வழிவிடவே 52 முதல் 144 வரையான தடங்களில் ரவுட்டர் முதலில் குறைந்தது 60 விநாடி செவிமடுக்க வேண்டும். ராடார்த் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் தடத்தைவிட்டு விலக வேண்டும் என்பது சர்வதேச வழமை. கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் அமைந்த இந்நகரில், வைஃபை காரணமின்றித் திடீரென அறுந்து ஒரு நிமிடத்தில் மீண்டால் இந்த விதியையும் நினைக்க வேண்டும். ரவுட்டரை 36 முதல் 48 வரையான தடங்களில் நிறுத்தினால் இச்சிக்கல் எழாது.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் வைஃபை மந்தமாவது மற்றொரு புதிர். ரவுட்டருக்கு மின்கலம் இருந்தும் வேகம் விழுந்தால், மடிக்கணினியின் சிக்கன அமைப்பைப் பார்க்க வேண்டும். டிஎல்பி போன்ற மென்பொருள், கணினி பேட்டரிக்கு மாறிய கணமே வைஃபை அட்டையையும் சிக்கன நிலைக்குத் தள்ளும். அந்தச் சிக்கன நிலையை அணைத்தால் வேகம் திரும்பும்.

உப்புக்காற்றும் வாடைக்கால ஈரமும் உலோகத் தொடுமுனைகளைக் கெடுக்கும். வைஃபை அட்டையில் பட்டாணியைவிடச் சிறிய இரண்டு பித்தளை நிறப் பொத்தான்கள் இருக்கும். திரைச் சட்டத்துக்குள்ளிருந்து வரும் கறுப்பு, வெள்ளை ஆண்டெனா வயர்கள் அவற்றில் அமர்கின்றன. ஒன்று கழன்றாலோ பச்சை படிந்தாலோ, ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் நன்றாக ஓடி, அடுத்த அறைக்குப் போனதும் விழுந்துவிடும். பேட்டரியைத் துண்டித்தபின் தொடுமுனையை ஐசோப்ரோபில் ஆல்கஹாலால் துடைத்து, வயரை மீண்டும் அழுத்திப் பொருத்தினால் போதும்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளின் வைஃபையில் இணைந்ததும் உள்நுழைவுப் பக்கம் தானே திறக்க வேண்டும். கணினியில் விபிஎன்னோ சொந்த டிஎன்எஸ் அமைப்போ இருந்தால் அப்பக்கம் திறக்காமல் போகலாம். அவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு எச்டிடிபி முகவரி ஒன்றைத் திறந்தால் பக்கம் தோன்றும்.

உதவி நாடும்போது

இத்தனைக்குப் பின்னும் தீராவிட்டால் கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ மூன்று விவரங்களைக் கொடுக்க வேண்டும்: எல்எஸ்பிசிஐ காட்டிய சில்லின் முழுப்பெயர், கெர்னல் பதிப்பு, கோளாறு நேர்ந்த நேரத்துப் பதிவேட்டு வரிகள். மடிக்கணினியின் வணிகப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் விற்கும் இரண்டு கணினிகளுக்குள் வேறுவேறு சில்லுகள் இருப்பதுண்டு.