பழங்கணினி மீட்பு

உற்பத்தி நின்றுபோய், செய்த நிறுவனமும் கைவிட்ட கணினியை மறுபடி ஓடவைக்கும் வேலை பழங்கணினி மீட்பு. அதற்கு உதிரிபாகம் வேண்டும். அந்தப் பாகம் எங்கே, எதற்காக இருக்கிறது என்று சொல்லும் காகிதமும் வேண்டும். மேலைநாடுகளில் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அருங்காட்சியகங்களும் இதை வளர்த்தார்கள். இந்தியாவில் நெடுங்காலம் இது பிழைப்புத் தொழிலாகவே நடந்தது. கணினிகள் இங்கே அளவுக்கு மீறி உழைத்தன, ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் போயிற்று, கடைசியில் எஞ்சியது காயலான் கடைக்குப் போயிற்று. பழுதுபார்க்கும் திறமைக்குப் பெயர்பெற்ற சென்னையில் பழைய கணினிகள் அரிதாகவே எஞ்சியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

காகிதத்தின் அருமைக்குப் பிரிட்டனின் கொலோசஸ் நல்ல சான்று. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய இரகசியச் செய்திகளை உடைக்க உதவிய அந்த இயந்திரத்தின் வரைபடங்கள் போருக்குப் பின் அழிக்கப்பட்டன. 1993இல் டோனி சேல் அதை மறுபடி கட்டத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை 1945ஆம் ஆண்டின் சில புகைப்படங்களும், பழைய பொறியாளர்கள் தங்களிடம் வைத்திருந்த சுற்றுவரைபடத் துண்டுகளும்தான். பாகங்களுக்கு அவ்வளவு பஞ்சமில்லை. பிரிட்டனில் அப்போது கழித்துக்கட்டப்பட்டு வந்த பழைய தொலைபேசி நிலையங்கள் அவற்றைக் கொடுத்தன. வேலை முழுதாக முடிந்தது 2007இல்.

இந்தியாவின் முதல் பெரிய சொந்தக் கணினிக்கு அப்படி ஒரு மறுபிறவி வாய்க்கவில்லை. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய டிஃப்ராக் 1960இல் செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,700 வெற்றிடக் குழல்களும் 2,048 சொற்கள் கொள்ளும் காந்தவளைய நினைவகமும் கொண்டது. அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தவர். இந்தியக் கணினிப் பராமரிப்பின் கதையில் அவர் பெயர் பிறகும் ஒருமுறை வரும்.

நாட்டில் பரவலாக வந்தது டிஃப்ராக் அல்ல, ஐபிஎம் 1401. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான இந்த இயந்திரம் அங்கே பழசாகத் தொடங்கிய காலத்தில், வேறு நாடுகளில் வாடகைக்கு ஓடித் திரும்பியவை பம்பாய்த் தொழிற்சாலையில் செப்பனிடப்பட்டு இந்திய அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் ரயில்வேயின் ஒன்பது மண்டலங்களுக்கும் மூன்று உற்பத்திக் கூடங்களுக்கும் 1401 வந்தபோது, தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆக, சென்னைக்குக் கணினி பரவலாக அறிமுகமான காலத்திலேயே மீட்பும் கூடவே வந்துவிட்டது. காலங்கடந்த இயந்திரங்களுக்கு இவ்வளவு வாடகையா என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1970களின் நடுவில் கடுமையாகக் கேட்டது. கேள்வி நியாயமானது. ஆனால் இந்த நாட்டுப் பராமரிப்புப் பொறியாளர்களின் ஒரு தலைமுறை அட்டை அட்டையாகப் பிழை தேடப் பழகியது அந்தப் பழைய இயந்திரங்களில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்ன அந்நியச் செலாவணிச் சட்டத்தை ஏற்காமல் ஐபிஎம் 1978இல் வெளியேறியது. 800க்கும் மேற்பட்ட இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, 1975இல் அரசு தொடங்கிய கணினிப் பராமரிப்புக் கழகத்துக்கு வந்தது. பின்னாளில் சிஎம்சி என்று அறியப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் தலைவர் அதே நரசிம்மன். செய்தவர் ஊரைவிட்டுப் போன பிறகு இயந்திரத்தை ஓட்டுவது என்றால் என்ன என்று இந்தியப் பொறியாளர்கள் அப்போது கற்றார்கள். ஆனால் அவர்கள் காத்தது ஓட்டத்தை, உருப்படியை அல்ல. புதிய கணினி வந்ததும் 1401 கழற்றப்பட்டது. அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று ஓடும் இரண்டு 1401களில் ஒன்று ஜெர்மனியிலிருந்து 2004இல் போய்ச் சேர்ந்தது. மற்றது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தது. பெரம்பூரிலோ பம்பாயிலோ ஒன்றைப் பூட்டி வைத்திருந்தால் அதுவும் இன்று ஓடியிருக்கலாம்.

1980களில் வந்தவை மேசைக் கணினிகள். 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டம் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் செய்தது. டெசிபெல்ஸ் நிறுவனம் பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் இந்தியப் பதிப்பை விற்றது. சென்னையின் ஸ்டெர்லிங் நிறுவனம் சிவா பிசி என்று விலை குறைந்த கணினியைக் கொண்டுவந்தது. இன்று வீட்டுப் பரணிலிருந்தோ பள்ளிக் கிடங்கிலிருந்தோ மீட்புக்கு வரக்கூடியவை பெரும்பாலும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

பாகம் தேடுவோருக்குச் சென்னையில் முதல் விலாசம் மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெரு. வானொலி உதிரிபாகத்திலிருந்து கணினிக்கு வளர்ந்த சந்தை அது. ஐசி, ஐசி பேஸ், கண்டன்சர் ஆகியவை அங்கே சில்லறையாகக் கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த பர்மா பஜார், கப்பலில் வந்த வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்போனது. பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத் தீயில் அது எரிந்தது.

பாகங்கள் கைமாறும் சங்கிலியின் மறுமுனை வடசென்னை. துறைமுகத்தின் கொள்கலன்கள் ராயபுரம், திருவொற்றியூர் வழியாக மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்குப் போகின்றன. நகரத்தின் மின்னணுக் கழிவு பற்றி டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2004இல் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது. கழிவைப் பிரிப்பவர்கள் போர்டை எடைக்கு வாங்குகிறார்கள். பழைய போர்டில் தங்கமுலாம் தடிமனாக இருக்கும். பீங்கான் உறை கொண்ட பழைய சிப்பிலும் தங்கம் உண்டு. ஆகவே எவ்வளவு பழசோ அவ்வளவு சீக்கிரம் அது அமிலத் தொட்டிக்குப் போகிறது. அந்த அமிலமும் ஈயப்புகையும் அங்கே வேலை செய்பவர்களின் உடம்பைக் கெடுப்பதால் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் மிகவும் தேவைப்பட்டன. பதிவுபெற்ற மறுசுழற்சிக் கூடங்களுக்கே கழிவு போக வேண்டும் என்பது சரி. ஆனால் அங்கே எடையாக நுழையும் பொருளில் அரிய இயந்திரம் ஒன்று கிடந்தால் அதைத் தனியே எடுத்துவைக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை எந்த விதியும் கேட்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

பாகம் கிடைப்பது தயாரிப்பின் தொடர்ச்சியையும் பொறுத்தது. திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு, இங்கிலாந்தின் தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் அதே அமைப்பில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதனால் பழைய வண்டிக்கும் பாகம் கிடைத்தது. கணினிக்கு அந்தத் தொடர்ச்சி அபூர்வம். பிபிசி மைக்ரோவின் மூளையான 6502இன் வழித்தோன்றல் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1976இல் பிறந்த இசட்-80 சிப்பின் மூல வடிவத்துக்கு 2024 ஜூனோடு ஆர்டர் வாங்குவதை அதைச் செய்த ஸைலாக் நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒரு நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட சிப் போனால் ஒரே வழி, செத்த இன்னொரு கணினியிலிருந்து கழற்றுவது.

வேலையில் இறங்குபவர் செய்யக் கூடாத முதல் காரியம், கிடைத்த கணினியை உடனே மின்சாரத்தில் மாட்டுவது. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் உள்ள ரீஃபா கண்டன்சர்களின் உறை வயதாகி வெடித்து, ஈரத்தை உள்ளே விட்டுவிடும். மாட்டியதும் புகை கக்கும். அவற்றை மாற்றிவிட்டு, போர்டைக் கழற்றி வைத்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் உள்ள 4116 நினைவக ஐசிகளுக்கு +12, +5, –5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். –5 இல்லாமல் மற்றவை வந்தால் ஐசி கருகும். 286, 386 போர்டுகளில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்திலுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்து, காரத்தை முறிக்க வினிகர் தடவி, கழுவி உலர்த்தி, அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி போட வேண்டும். ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஐசியின் கால்களை அரிக்கும். ஈரப்பதம் ஃபிளாப்பியில் பூஞ்சை வளர்க்கும்.

இத்தனையும் செய்ய வரைபடம் வேண்டும். 1978ஆம் ஆண்டின் ஆப்பிள் 2 கையேட்டில் சுற்றுவரைபடமும் அழியாத வகை நினைவகமான ரோம் சிப்பில் எழுதப்பட்ட நிரலின் பட்டியலும் இருந்தன. ஐபிஎம் 1981இல் தன் பிசிக்கு வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டிலும் கணினியைத் துவக்கும் பயாஸ் நிரல் முழுதாக அச்சாகியிருந்தது. அந்தப் பிசியைப் பின்பற்றிய சிவா பிசி போன்றவற்றை இன்று பழுதுபார்க்க முடிவதற்கு அந்தத் திறந்த ஏடுகள் பெருங்காரணம். பிட்சேவர்ஸ் தொகுப்பு பல்லாயிரம் பழைய கையேடுகளைப் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறது. இந்தியத் தயாரிப்புகளின் கையேடுகளோ குறைந்த படிகளே அச்சாகி வாங்கியவரோடு போனவை. கணினியைக் காயலான் கடைக்குப் போடுபவர் அதன் மேனுவலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார். அந்த இடத்தில் முறியும் தொடர்பை மறுபடி கட்ட முடிவதில்லை. அழித்து மறுபடி எழுதக்கூடிய ரோம் வகையான ஈப்ரோம் சிப்பிலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தேங்கிய மின்னூட்டம் பத்தாண்டுகளில் மெல்லக் கசிந்து நிரல் சிதையும். கையில் கிடைத்ததும் படித்து நகல் எடுத்துவிட வேண்டும்.

தமிழருக்கு இதில் தனியான அக்கறை உண்டு. டாஸ் காலத்தில் தமிழில் தட்டச்சிட்ட கணினிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை செருகியிருந்தது. அது எழுத்தைச் சேமித்த இஸ்கி குறியீட்டு முறை 1991இல் இந்தியத் தரமாக அச்சிடப்பட்டதால், ஃபிளாப்பி படிக்கும் நிலையில் இருந்தால் அட்டை இல்லாமலே எழுத்தை யூனிகோடுக்கு மாற்றலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் குறியீடுகளுக்கும் பட்டியல் உண்டு. சிக்கல், அச்சகங்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்த எழுத்துருக்களில். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் இல்லாதபோது, அந்த எழுத்துரு நிறுவிய பழைய கணினியையே ஓடவைத்து, 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண்ணையும் திரையில் வரவழைத்து, எழுத்தைப் பார்த்துப் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.