பின்னணியில் தட்டச்சு ஓசை

இரவு எட்டரைக்கு எனக்கு ஒரு கால் உண்டு. என் மகளுக்கு அது சாப்பாட்டு நேரம். ஹெட்போனை மாட்டியதுமே விரல் தானாக மியூட் பட்டனுக்குப் போய்விடும். போன மாதம் ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வீறிட்டு அழ, அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் இரண்டு முறை ஸாரி சொன்னேன். கால் முடிந்ததும் மனைவி கேட்டாள்: "எதுக்குங்க ஸாரி? வீட்ல குழந்தை இருக்கிறது தப்பா?"

சட்டென்று பதில் வரவில்லை. ஸ்டீவ் ஷெர்லியின் ஒலிநாடாதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்டெஃபனி ஷெர்லி 1933-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பிறந்தவர். தந்தை யூதர். நாஜிகளிடமிருந்து குழந்தைகளைத் தப்பவைத்த ரயில்களில் ஒன்றில், 1939-இல், ஐந்து வயதில் அக்காவோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். லண்டனில் தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1962-இல் ஆறு பவுண்டு முதலில், வீட்டிலிருந்தபடியே 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' கம்பெனியை ஆரம்பித்தார். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று போட்டார். அதன்பிறகு பதில்கள் வர ஆரம்பித்தன.

அவர் வேலைக்கு எடுத்ததெல்லாம் கல்யாணமானதும், குழந்தை பிறந்ததும் கம்ப்யூட்டர் துறையை விட்டுப்போன பெண்களை. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. பென்சிலும் காகிதமும்தான். ஃப்ளோசார்ட் வரைந்து, கோட் எழுதி, தபாலில் அனுப்பினால் கணினி மையத்தில் அதை அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடுவார்கள். அன்றைய புரோகிராமிங் மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலையே இல்லை. அதனால்தான் அதைக் குழந்தை தூங்கும் நேரத்தில், சாப்பாட்டு மேசையில் செய்ய முடிந்தது. வீட்டில் தேவைப்பட்ட ஒரே கருவி தொலைபேசி. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப்பெட்டிக்கான புரோகிராம் வேலையை இப்படித்தான் தங்கள் வீடுகளில் இருந்தபடி பெண்கள் முடித்தார்கள்.

ஆனால் போன் வந்தால் சிக்கல். பின்னால் குழந்தை அழும். அதற்காக ஷெர்லி தட்டச்சு ஓசையை நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரோடு பேசும்போது ஓடவிடுவார். மறுமுனையில் கேட்பவருக்கு அது ஒரு பரபரப்பான ஆபீஸ்.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. என் மியூட் பட்டன் அந்த நாடாவின் பேரப்பிள்ளை. அறுபது வருடத்தில் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. வீடு மட்டும் இன்னும் வேலைக்குள் வரவில்லை.

ஷெர்லியின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லக்கூடாது. 1963-இல் பிறந்த அவருடைய ஒரே மகன் ஜைல்ஸ், இரண்டரை வயதில், பேசிக்கொண்டிருந்த கொஞ்சப் பேச்சையும் இழந்தான். கடுமையான ஆட்டிசம். வேலை நேரத்தை எவ்வளவு வளைத்தாலும் அந்த வீட்டுக்குப் போதவில்லை. ஒரு கட்டத்தில் ஷெர்லியே மனம் உடைந்து மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. ஜைல்ஸ் 1998-இல் 35 வயதில் இறந்தான். பிறகு தன் செல்வத்தில் பெரும்பகுதியை ஆட்டிசத்துக்காகவே கொடுத்த ஷெர்லி, 2025 ஆகஸ்டில் 91 வயதில் காலமானார்.

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. சிறு குழந்தைகளின் பெற்றோர் வேலை நேரத்தை மாற்றக் கேட்கும் உரிமை பிரிட்டனில் 2003-இல் கிடைத்தது. நம் ஊரில் 2017-இன் மகப்பேறு சட்டத் திருத்தம், 26 வார விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், முதலாளியும் சம்மதித்தால், வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அம்மாவுக்கு மட்டும்தான். அப்பாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஏனென்றால் நான் மியூட்டில் இருக்கும்போதெல்லாம் அழுகையை அடக்கியது மனைவிதான். என் வீட்டில் அந்த நாடாவை ஓடவிட்டது அவள்.

போன வாரம் காலில் சொன்னேன்: "எட்டரைக்கு மகளுக்குச் சாப்பாடு ஊட்டணும். ஒன்பதே காலுக்கு மாத்திக்கலாமா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு லண்டனிலிருந்து ஒருவர், தனக்கும் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து பையனைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது, இத்தனை நாள் சொல்லாமலே இருந்துவிட்டேன் என்றார்.